பத்து இஞ்சு விசிறி

பெர்பெத்தம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, என் படகின் நடு இருக்கையில் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். நாற்பத்தொரு வயது.

என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆற்றுமுகத்தில் படகு மோட்டார்களைப் பழுதுபார்த்து வந்தாள். எனக்குக் குரு.

அன்று காலை ஒரு குறையோடு அவள் பட்டறைக்குப் போனேன்.

"பெர்பெத்து, என் படகு ஓட மாட்டேங்குது."

"ஓடாமயா இவ்வளவு தூரம் வந்திய?"

"ஓடுது. வேகம் இல்லை. பதினேழு இஞ்சு விசிறி ஒண்ணு குடு."

கழற்றி வைத்திருந்த மோட்டாரிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"இப்பம் என்ன மாட்டியிருக்கிய?"

"பதின்மூணு."

தண்ணீரைத் தள்ளும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் படகு எத்தனை இஞ்சு முன்னே போக வேண்டும் என்பதுதான் அந்த எண். மோட்டாரோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தேன். பதின்மூன்றைவிடப் பதினேழு பெரிது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நேரமும் இல்லை. பத்து மணிக்குச் சோதனை.

உல்லாசப் படகுத்துறையில் இடம் வேண்டுமென்றால், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்து மிதவை வரை போய், பன்னிரண்டு நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தேன். முதலில் பதினேழு நிமிடம். பிறகு பதினாறு. மூன்றாவது முறையும் தோற்றால் அந்த இடம் அடுத்தவருக்கு.

மனைவி இறந்தபின் தையல் கடையை மூடிவிட்டு வாங்கிய படகு அது. ஊசியில் நூல் கோக்கக் கண் இல்லாமல் போயிருந்தது. படகும் இல்லையென்றால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

"அந்தப் பதின்மூணை எப்படிப் பொறுக்குனிய?"

"ஓட்டிப் பாத்துத்தான். விடியக்காலம், காத்து எழும்புறதுக்கு முன்னால. பறந்துச்சு."

"கூட யாரு?"

"யாருமில்லை. எதுக்கு வீணா ஆள்?"

இப்போது தலையைத் தூக்கினாள்.

"அண்ணாச்சி, சட்டைக்கு அளவெடுக்கையில வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறவனை என்ன செய்விய?"

"பேச்சுக் குடுப்பேன். பேசுறப்ப வயிறு தானா இறங்கும். அப்பதான் டேப்பைச் சுத்துவேன்."

அவள் எழுந்தாள். சுவரில் தொங்கிய விசிறிகளில் ஒன்றை எடுத்தாள். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன்.

பத்து.

"இது குறைச்சல், பெர்பெத்து. நான் கூட்டிக் கேட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா, நடங்க."

துறையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி விசிறியை மாற்றினாள். பிறகு மீன் ஏலக்கூடத்தைப் பார்த்துக் கைதட்டினாள்.

"ஏட்டி, படகுச் சவாரிக்கு வாரியளா?"

ஆறு பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். ஆறாவதாக, ஆளில் பெருத்த அமலோற்பவம். அவள் காலை வைத்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"பயப்படாதிய அண்ணாச்சி," என்றாள். "நான் நடுவுல உக்காந்தா புயலே வந்தாலும் அசையாது."

அவளுக்கு மிதவைச் சட்டையின் பட்டை எட்டவில்லை. குனிந்து இளக்கிக் கட்டினேன்.

"ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுச் சோதனைக்குப் போகலாமே, பெர்பெத்து."

"இதுதான் ஓட்டிப் பாக்கிறது."

ஏழாவது ஆளாக அவளும் ஏறிக்கொண்டாள்.

என் முன்னால் இரண்டு வட்டங்கள். ஒன்று படகின் வேகத்தைக் காட்டும். மற்றது மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும். அதில் ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை பச்சைக் கோடு.

பெர்பெத்தம்மா தன் தலைத்துணியை அவிழ்த்து வேக வட்டத்தை மூடிக் கட்டினாள்.

"அதுதானே எனக்கு வேணும்!"

"உங்களுக்கு வேணும். மோட்டாருக்கு வேண்டாம்."

துறைமேல் நின்ற சோதனை அதிகாரி கையைத் தாழ்த்தினார்.

விசையை முழுக்கத் தள்ளினேன். படகின் மூக்கு எழும்பியது. எதிரே வானம்தான் தெரிந்தது. முந்தைய இரண்டு முறையும் இப்படித்தான். மூக்கு எழும்பும், மோட்டார் முக்கும், படகு தண்ணீரை உழுதுகொண்டே போகும்.

நாலாயிரம்.

நாலாயிரத்து நானூறு. இரண்டு முறையும் முள் இங்கேதான் நின்றது.

நாலாயிரத்து எண்ணூறு.

ஐயாயிரம்.

மூக்கு படிந்தது. அதுவரை தண்ணீருக்குள் கிடந்த படகு தண்ணீரின் மேல் ஏறியது. அடியில் படபடவென்று அலை தட்டியது. ஏழு பெண்களும் கூவினார்கள். மாதாவை அழைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம் அழைப்பதை நிறுத்திவிட்டு, "விரட்டுங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள்.

மிதவையைச் சுற்றித் திரும்பினேன். வற்றுநீர் எதிரே கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. முள் பச்சையை விட்டு இறங்கவில்லை.

அப்போதுதான் பெர்பெத்தம்மா மடியிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்தாள்.

"தனியாப் போகையில கையை அடக்கிக்கோங்க," என்றாள். "பத்து மோட்டாருக்கு லேசு, ஏழு பேர் பாரத்துக்கு அதான் சரி. ஆளில்லாத படகுல இது தறிகெட்டுச் சுத்தும்."

"அப்ப இது தனியாப் போறவனுக்கு இல்லையா?"

"நீங்க தனியாப் போகவா படகு வாங்குனிய?"

பின்னால் ஆறு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகில் யாரோ தட்டினார்கள். மனைவி போன மூன்று வருடத்தில் முதல் முறையாக நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

துறையை அடைந்தோம். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு சார்?" என்றேன்.

"எட்டு."

பன்னிரண்டில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது.