கொடைரோட்டுல விழுந்த மூட்டை

திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டுல நடந்த சங்கதி இது. நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க நேரா போயி சங்கிலியப்பனையே கேட்டுக்கங்க, ஆனா அரை நாள் லீவு போட்டுட்டுப் போங்க. அந்த மனுசன்கிட்ட மணி என்னன்னு கேட்டா, கடிகாரம் கண்டுபிடிச்சவன் இவரோட சித்தப்பன்கிட்ட தொழில் பழகின கதையில இருந்து ஆரம்பிப்பாரு.

சங்கிலியப்பன் மூட்டை தூக்குறவரு. வயசு அம்பத்தெட்டு. தோள்ல கொக்கி, தலையில சும்மாடு, வாயில உலகம். காலையில வியாபாரம் முடிஞ்சு பதினோரு மணியில இருந்து லாரி வர்ற ஒரு மணி வரைக்கும் தூக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது. அந்த ரெண்டு மணி நேரம் அவரோடது. மூட்டை அடுக்கு மேல ஏறி உக்காந்துக்குவாரு, கீழ லோடுமேனுங்க உக்காருவாங்க, லூர்து அக்கா டீ கேனை எறக்கி வைப்பா. ஆரம்பிச்சிரும்.

அவரு சம்சாரம் சௌந்தரம் இருபது வருசமா அவரை ஒரு கேள்வி கேட்டதில்ல. அது தனிக்கதை. மக கல்யாணப் பேச்சுல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட எங்க வீட்டுல யானை கட்டியிருக்கோம்னு சொல்லிப்புட்டாரு. எங்க யானைன்னு கேட்டாங்க. பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கு, தைப்பூசம் முடிஞ்சு வந்துரும்னாரு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையோட பெரியப்பா பந்திக்கே வராம வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு, யானை வருதான்னு. அன்னையோட சௌந்தரம் கேள்வியை நிறுத்திட்டா. அதை விடுங்க, தமயந்திக்கு வருவோம்.

தமயந்தி குண்டு எறியிற பொண்ணு. நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்துல சாத்தி, ஒரு சுத்து சுத்தி எறிவாங்கள்ல, அது. வெளிநாட்டுல நடந்த பெரிய போட்டியில இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிட்டா. அவ ஆத்தா ராக்கு ஒரு காலத்துல இதே மார்க்கெட்டுல வெங்காயத் தாள் அறுத்தவ. பொறவு மகளைக் கூட்டிக்கிட்டு சென்னைக்குப் போயிட்டா. இது போதாதா. மறுநாள் பதினோரு மணிக்குச் சங்கிலியப்பன் சொன்னாரு.

"பத்து வருசம் நான் பழக்கின புள்ளை."

"யாரு மாமா?" இது காசிராஜன். கூட்டத்துல எளவட்டம், எதையும் நம்பாதவன்.

"தமயந்திதான். இரும்புக் குண்டுக்கு எங்க போறது அப்ப? வெங்காய மூட்டையிலதான் பழக்குனேன். நான் எறியிறதைப் பாத்து அது கத்துக்கிச்சு. நாகர்கோவிலு லாரிக்கு ஒரு மூட்டை விட்டுப்போச்சு, ஞாபகம் இருக்கா? லாரி கெளம்பிப் போயிருச்சு. எறிஞ்சேன் பாரு ஒரு எறி. இருபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி, கொடைரோட்டுல டோல்கேட்டுக்கிட்ட லாரி மேல போயி உக்காந்துச்சு."

"டிரைவரு ஒண்ணும் சொல்லலயாண்ணே?" லூர்து அக்கா கேட்டா.

"அவனுக்கு எப்படித் தெரியும்? நாகர்கோவில்ல எண்ணிப் பாத்து, கணக்குச் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டான்."

"சரி, டிவியில பதினெட்டு மீட்டருன்னுதான போட்டான்," காசிராஜன் விடல. "நீங்க பழக்குன புள்ளை எறிஞ்சா கொடைரோடு வரைக்கும் போகணும்ல?"

சங்கிலியப்பன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாரு. யோசிக்கிறதுக்குத்தான்.

"போச்சே. மைதானத்தைத் தாண்டிப் போச்சு. நடுவருங்க ரெண்டு பேரு பஸ் புடிச்சுத் தேடப் போனாங்க. அளக்கிற டேப்பு பத்தல, சர்வே ஆபீசுல சங்கிலி வாங்கியாந்தாங்க, அதுவும் பத்தல. கடைசியில அவங்க பலகையில ரெண்டு நம்பருக்குத்தான் எடம் இருந்துச்சு. பதினெட்டுன்னு போட்டு விட்டுட்டாங்க. மிச்ச நம்பரு பலகைக்கு வெளிய நிக்குது."

"ரெண்டாவது வந்த பொண்ணு அழுதுச்சே மாமா, தோத்ததுக்கா?"

"தோத்ததுக்கு யாரு அழுவா? தமயந்தி கையில நம்ம சின்ன வெங்காய வாடை. எத்தன சோப்புப் போட்டாலும் போகாது. குண்டுல ஒட்டிக்கிச்சு. அடுத்தடுத்து அந்தக் குண்டைக் கழுத்துல வச்ச அம்புட்டுப் பேரும் கண்ணக் கசக்கிக்கிட்டே எறிஞ்சாளுக."

"அது ஏமாத்து இல்லையா?"

"சட்டப் புத்தகத்துல வெங்காயம்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாரு போ. இதைக் கேளு. கொடி ஏத்தி நம்ம தேசிய கீதம் பாடுனாங்கள்ல, அப்ப நான் நாலாம் நம்பர் குடோன்ல தனியா இருந்தேன். டிவியில பாட்டு ஆரம்பிச்சதும் குடோன்ல கெடந்த வெங்காயம் பூரா தாளை நிமித்திக்கிட்டு எந்திரிச்சு நின்னுச்சு. அழுகுன வெங்காயம் கூட பக்கத்து வெங்காயத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுய்யா."

எல்லாரும் சிரிச்சாங்க. காசிராஜன் மட்டும் சிரிக்கல. "மாமா, வர்ற வெள்ளிக்கெழம தமயந்தியே மார்க்கெட்டுக்கு வருது. வியாபாரிங்க சங்கத்துல பாராட்டு விழா. மைக்குல அதுவே ஒங்களைத் தெரியும்னு சொல்லட்டும். சொல்லலைன்னா, பதினோரு மணிக்கு மேல நீங்க வாயே தெறக்கக் கூடாது. சாகுற வரைக்கும்."

"சரிதான்," நாலு பேரு சேந்து சொன்னாங்க. லூர்து அக்காவும் தலையாட்டுனா. சங்கிலியப்பன் என்ன செய்வாரு, அவரும் ஆட்டிட்டாரு.

நெசம் என்னன்னா, தமயந்தி மொகத்தை அவரு டிவியிலதான் மொத மொத பாத்தாரு. ராக்குக்கு மக இருந்ததே அவருக்கு ஞாபகம் இல்ல. மத்தவனுக்குச் சோறு தண்ணி மாதிரி அவருக்கு அந்த ரெண்டு மணி நேரம். அது போச்சுன்னா மூட்டை தூக்குறது வெறும் மூட்டை தூக்குறதாப் போயிரும். வியாழக்கெழம வீட்டுல, பேசாம இருக்க முடியுதான்னு பழகிப் பாத்தாரு. காலையில காப்பி குடிச்சாரு, பேசல. குளிச்சாரு, பேசல. சௌந்தரம் பயந்துபோயி நெத்தியில கை வச்சுப் பாத்தா, பக்கத்து வீட்டு மாரியம்மா வேப்பெலையோட வந்துட்டா. இருபது வருசத்துல மொதத் தடவையா சௌந்தரம் கேட்டா, "என்னய்யா செய்யுது?" பாவம், பதில் சொல்ல வாய் வந்துருச்சு. ஒரு மணி நேரம் சொன்னாரு.

வெள்ளிக்கெழம மார்க்கெட்டு வாசல்ல பெரிய பிளெக்ஸ். வெளையாட்டுக்காரின்னா கையில பேட்டு இல்லாம எப்படின்னு, அச்சடிச்சவன் எவனோ ஒரு கிரிக்கெட்டுக்காரன் ஒடம்புல தமயந்தி தலையை ஒட்டிட்டான். அதுக்கு மேல சங்கத் தலைவரு மொகம், அவ தலையை விட நாலு பங்கு பெருசு. குண்டு மட்டும் எங்கயும் இல்ல.

மேடையில ஆளாளுக்கு மைக்கைப் புடிச்சாங்க. தலைவரு, எங்க கடை வெங்காயம் தின்ன ஒடம்புதான் தங்கம் வாங்குச்சுன்னாரு. ஒரு காலத்துல பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் குண்டு, போயி தையல் பழகுன்னு வெரட்டி விட்ட விளையாட்டு வாத்தியாரு, அன்னைக்கே ஒளிவட்டம் பாத்தேன்னாரு. இன்னொருத்தரு, அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ எங்க மச்சான் ஆட்டோன்னாரு. எல்லாத்துக்கும் கைத்தட்டு.

"பாத்தியா," கீழ நின்ன சங்கிலியப்பன் காசிராஜன் காதுல சொன்னாரு, "நூத்தி நாப்பது கோடி பேரும் சேந்துதான் எறிஞ்சிருக்காங்க. என்னை மட்டும் நீ மடக்குற."

"அவங்க மேடையில நின்னு புளுகுறாங்க மாமா. நீங்க மூட்டையில. ஏறுங்க, ஒங்க முறை."

லோடுமேன் சங்கம் சார்புல துண்டு போத்தணும். சங்கிலியப்பன் துண்டோட ஏறுனாரு. நல்லா வாட்டசாட்டமா நின்னுச்சு புள்ளை. துண்டைத் தோள்ல போத்துனாரு, ஒரு முனையை மட்டும் எறக்கி அவ கையை மூடுனாரு. மூடி, உள்ள விரலைப் புடிச்சாரு.

இந்த மார்க்கெட்டுப் பழக்கம் இது. பழைய வியாபாரிங்க இன்னும் வாயால வெல பேச மாட்டாங்க. துண்டுக்குள்ள ரெண்டு பேரும் கையை விட்டு, விரலைத் தொட்டுத் தொட்டு முடிப்பாங்க. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. சங்கிலியப்பன் அவ அஞ்சு விரலையும் ரெண்டு தடவை அமுக்குனாரு, பத்துன்னு. "வருசக் கணக்கு தாயீ," ரகசியமாச் சொன்னாரு. "பழக்குனேன்னு சொல்லிப்புட்டேன். மானம் போயிரும்."

தமயந்தி அவரை ஏற இறங்கப் பாத்தா. ராக்கு மகள்ல, வெங்காயத்துக்கு நடுவுல வளந்தது. துண்டுக்குள்ள அவ கை அசைஞ்சுச்சு. ஒத்த விரல்.

சங்கிலியப்பன் எட்டுன்னு எறங்குனாரு. ஒத்த விரல். அஞ்சு. ஒத்த விரல். போட்டோக்காரரு கீழ இருந்து, "ஐயா, கையை விடுங்க, படம் எடுக்கணும்"னு கத்துறாரு. மூணு. அந்த விரல் அசையவே இல்ல. இரும்புக் குண்டைப் புடிச்ச விரலு, அதுக்கு மேல அமுக்குனா தன்னோட விரல் ஒடிஞ்சிரும்னு தோணுச்சு. சரின்னு விட்டுட்டாரு.

தமயந்தி மைக்குக்கு வந்தா.

"இந்த மாமா என்னைப் பத்து வருசம் பழக்குனதாச் சொல்லச் சொல்லித் துண்டுக்குள்ள வெல கேட்டாரு. ஒண்ணுல முடிச்சேன். வருசம் இல்ல, ஒரு மத்தியானம்."

கீழ காசிராஜன், தான் ஜெயிச்சாச்சுன்னு கைத்தட்ட ஆரம்பிச்சான். சங்கிலியப்பன் மேடையை விட்டு எறங்க வழி தேடுனாரு.

"எனக்கு எட்டு வயசு. அம்மா தாள் அறுத்துக்கிட்டு இருந்துச்சு. இவரு மூட்டை மேல உக்காந்து, நாகர்கோவில் லாரிக்கு ஒரு மூட்டையை எறிஞ்சேன், கொடைரோட்டுல போயி விழுந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் நம்பிட்டேன். அம்பது கிலோ மூட்டை கொடைரோடு போகும்னா, நாலு கிலோ குண்டு எம்புட்டுத் தூரம் போகணும்னு அப்பயில இருந்து எறிஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் குண்டு விழுகுற எடத்தைப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கும். தங்கம் வாங்குன அன்னைக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. பதினெட்டு மீட்டரு. பஸ் ஸ்டாண்டுக்குக் கூடக் காணாது."

கூட்டத்துல தட்டுனாங்க பாருங்க, ஒரு தட்டு. காசிராஜன் தட்டுன கையை நிறுத்த முடியாம தட்டிக்கிட்டே இருந்தான். சங்கிலியப்பன் எறங்கி வந்தவரு, அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசல. சத்தியத்தோட நிக்கிறது அவருக்குப் பழக்கமில்ல பாருங்க.

மறுநாள் பதினோரு மணி. மூட்டை மேல உக்காந்தாரு. கீழ எல்லாரும் உக்காந்தாங்க. அவரு டீயையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா," காசிராஜன் சொன்னான். "பேசுங்க."

"இல்லப்பா. அந்தப் புள்ளை மைக்குல சொன்னதுல இருந்து மனசு கேக்கல. ஒரு உண்மையைச் சொல்லிரணும். கொடைரோடுன்னு நான் சொன்னது பொய்."

எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. லூர்து அக்கா டீ ஊத்துன கை அப்படியே நின்னுச்சு. அவரு பொய்னு ஒத்துக்கிட்டது முப்பது வருசத்துல மொதத் தடவை.

"நெசத்துல அது விழுந்தது நாகர்கோவிலுக்குக் கிட்டக்க, நாங்குநேரியில," சங்கிலியப்பன் சொன்னாரு. "சின்னப் புள்ளை கேட்டுக்கிட்டு இருக்கே, பயந்துரும்னுதான் கொறைச்சுச் சொன்னேன்."

லூர்து அக்கா மிச்ச டீயை ஊத்தி முடிச்சா.

"மெதுவாப் பேசுங்கண்ணே," அவ சொன்னா. "பக்கத்துல எதாவது புள்ளை நிக்கப் போகுது."