கிடை மாறிய மறுநாள்

"அம்மா, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மூணு மாசமா என் உயிரை வாங்குது" என்றார் தில்லைநாயகம்.

ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். அகராதி எழுதுகிறார். மடத்துப் பூரணத்தம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் எங்கே முட்டிக்கொண்டாலும் வாத்தியார் அவரிடம்தான் ஓடி வருவார்.

"என்ன வார்த்தை?"

"ஸ்ட்ரே." நோட்டைப் பிரித்தார். "வினைச்சொல்லா வந்தா, வழி தவறிப் போறது. பெயருக்கு முன்னால வந்தா, கேட்பாரில்லாதது, தெருநாய் மாதிரி. பெயராவே வந்தா, மந்தையை விட்டுப் போன ஆடு மாடு. எல்லாம் எழுதிட்டேன். மனசு நிறையலை."

"வினைக்கு என்ன உதாரணம் போட்டிருக்கீங்க?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"'என் மகள் வழி தவறிப் போனாள்.'"

அம்மை நோட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த கடித உறையைப் பார்த்தார்.

"என் மக பொன்மலர் எழுதினது. பத்து நாளாச்சு. படிக்கிறதா, அடுப்புல போடறதான்னு தெரியலை."

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஆறு வருஷம். அந்த மாதமே வாத்தியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஊருக்கு வந்துவிட்டார். வீம்பு பிடித்த மனுஷர்.

வாசலில் ஆட்டுக் கிடைக்காரர் ஒருவர் வந்து நின்றார். அறுவடையான வயல்களில் எருவுக்காக ஆடு அடைக்கிறவர்.

"தாயி, இப்படிக் குறுக்கால தெக்கு வயலுக்குப் போய்க்கிறட்டுமா? ஒரு ஆட்டைக் காணோம்."

"வழி தவறிடுச்சா?" வாத்தியார் பென்சிலை எடுத்தார். உதாரணம் ஒன்று தானாக நடந்து வந்திருக்கிறதே!

"அதெல்லாம் இல்லீங்கய்யா. நேத்துக் கிடையை வடக்கே மாத்திட்டோம். அது பழைய இடத்துல போயி நிக்கும். நகந்தது நாங்க. அது என்ன பண்ணும், பாவம்? போயிக் கூப்பிட்டா வந்துரும்."

அவர் வயலில் இறங்கி நடந்தார்.

வாத்தியார் நோட்டில் பென்சிலை வைத்தார். ஒரு எழுத்தும் எழுதவில்லை.

"அந்தக் கடுதாசி எந்த விலாசத்துக்கு வந்தது?" என்று கேட்டார் அம்மை.

உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தபால்காரர் அடித்துவிட்டு இந்த ஊர் விலாசத்தை எழுதியிருந்தாலும், அந்தத் தெருப் பெயர் வாத்தியாருக்கு மனப்பாடம்.

"பழைய வீட்டுக்குத்தாம்மா."

சொல்லும்போதே கை உறையைப் பிரிக்கத் தொடங்கியிருந்தது.