பொட்டு வைக்க ஒரு மெஷின்

கோவை ஆபீஸில் ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு குருக்கள் காத்திருந்தார். முதலாளி மருதாசலமோ காலையிலிருந்து ஒரே பிடுங்கல். "நம்ம ஏஐ மெஷினைக் கொண்டு வாம்மா, பொட்டு வைக்கணும்!"

புரோகிராமர் வளர்மதிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "எத்தனை தடவை சார் சொல்றது? நமக்குன்னு மெஷினே கிடையாது. புரோகிராமை அனுப்பினா கிளவுடில், எவனோட கட்டடத்திலோ, ஜிபியுன்னு ஒரு கம்ப்யூட்டர் வாடகைக்கு வரும். வேலை முடிஞ்சா போயிடும்."

"அப்ப இப்பவே புரோகிராமை ஓட்டி அதை வரவழை!"

"பூஜையன்னிக்கு எவனாவது வேலை பார்த்தா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு மிரட்டினது நீங்கதானே சார்?"

முதலாளி குருக்களின் கிண்ணத்தைக் காட்டினார். "பின்னே சந்தனத்தை எதுக்குத்தான் வைக்கிறது?"

"வேலையும் செய்யாம, போகவும் போகாம இந்த ஆபீஸில் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் சார்."

குருக்கள் யோசிக்கவே இல்லை. முதலாளியின் நெற்றியில் ஒரு கை சந்தனத்தை அப்பினார்.