எழுத்துக் கூட்டிப் பாடிய இலஞ்சியம் அம்மையார்

யானைமேல் பொன் கொண்டுவந்து ஈசனுக்குத் தந்தவர்கள் உண்டு. பொன்விளாகத்து இலஞ்சியம் அம்மையார் கொண்டுவந்ததோ ஒரு துடைப்பம். விடிந்ததும் நன்னெறிநாதர் கோயில் பிராகாரத்தைக் கூட்டுவார். பிறகு தொடக்கப்பள்ளிக்கு ஓடி வகுப்பறை பெருக்குவார், பிள்ளைகள் உண்ட தட்டுகளைக் கழுவுவார். கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாத அவருக்கு அந்த இரண்டு இடங்களே உலகம்.

மாலையில் பதிகக் குழுவோடு அமர்ந்து பாடுவார். அந்தக் குரலுக்கு ஊரே மயங்கும். கையில் புத்தகம் விரிந்திருக்கும். மற்றவர்கள் தாளைப் புரட்டும்போது அவரும் புரட்டுவார். உண்மையில் அம்மையாருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காதால் கேட்டது எதுவும் மறக்காது என்பதால், அந்தக் குறையை யாருக்கும் தெரியாமல் மூடிவைத்திருந்தார்.

அந்த ஆண்டு, மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தடங்கலின்றி வாசிக்க வேண்டுமென்று மாநிலம் முழுவதும் அரசு முனைந்து நின்றது. புதுக் கதைப் புத்தகங்கள் வந்தன; பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க அதிகாரிகளும் வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பரிமளா டீச்சருக்குக் கவலையெல்லாம் கோகிலா என்ற சிறுமியைப் பற்றித்தான். மற்றவர்கள் சரளமாகப் படிக்கும்போது அவள் எழுத்தை வெறித்துக்கொண்டு அழுவாள்.

வயலுக்குப் போன தாய் திரும்பும்வரை கோகிலா, ஆயாம்மா ஆயாம்மா என்று அம்மையாரோடுதான் இருப்பாள். பிள்ளை அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் உரக்கப் படித்தபோது கேட்ட ஆட்டுக்குட்டிக் கதையை மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்யவைத்தார். எந்தச் சொல் வந்தால் தாளைப் புரட்ட வேண்டும் என்றும் பழக்கினார். அந்த வித்தையில் அவரை மிஞ்ச யார் இருக்கிறார்கள்!

அதிகாரி வந்தார். கோகிலா கணீரென்று வாசித்தாள். டீச்சரின் முகம் மலர்ந்தது. மகிழ்ந்துபோன அதிகாரி அடுத்த தாளைத் தாமே புரட்டினார். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டன. புத்தகத்தில் ஆட்டுக்குட்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. கோகிலாவின் வாயிலோ அது இன்னும் சந்தையில் வெல்லம் தின்றுகொண்டிருந்தது.

"யாரு பாப்பா ஒனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆயாம்மா."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் தலை குனிந்தார். மறுநாள் கோகிலா பள்ளிக்கு வரவில்லை; அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மையார் தேடிப் போனார்.

"நான் வரல ஆயாம்மா. திருட்டுப் படிப்புன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்தச் சொல் அம்மையாரைச் சுட்டது. தன் வெட்கத்தைக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டோமே என்று கூனிக் குறுகிப்போனார். பிள்ளையைச் சமாதானம் செய்து கோயிலுக்கு அழைத்துப் போனார். பதிகம் தொடங்குமுன் சந்நிதியில் எழுந்து நின்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இத்தன வருசமா சாமி முன்னாடி படிக்கிற மாதிரி நடிச்சிருக்கேன். திருட்டுப் படிப்பு என்னுதுதான், இந்தப் புள்ளையோடது இல்ல."

"சாமியவே ஏமாத்துன ஆளா நீ!" என்று குழுவில் ஒருவர் சிரித்தார். அம்மையாருக்கு நிமிர்ந்து பார்க்கத் திராணி இல்லை.

மறுநாள் தட்டுகளைக் கழுவிய ஈரக்கையோடு வகுப்பில் கோகிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க ரெண்டு பேருக்கும் மொதல்லேர்ந்து சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றார். பரிமளா டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தார். தெருவில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் தான் எழுந்தால் கோகிலாவும் எழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பங்குனி உத்திரம் வந்தது. தமக்கு மனப்பாடமான பதிகங்களை விட்டுவிட்டு, ஒருநாளும் கேட்டிராத ஒன்றை அம்மையார் எடுத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டினார். மெட்டு உடைந்தது, தாளம் நின்றது. "எவ்ளோ நல்லாப் பாடும், இப்படித் திக்குதே" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். ஒரு நீளமான சொல்லில் அடியோடு நின்றுபோனார்.

பக்கத்திலிருந்த கோகிலா அந்தச் சொல்லின்கீழ் விரலை வைத்தாள். மெல்லக் கூட்டிச் சொன்னாள். பிறகு அந்த வரி முழுவதையும் தனியாகவே படித்தாள்.

நாதரின் வலத்தோளில் சாத்தியிருந்த செவ்வரளி நழுவி விழுந்தது. வலப்புறம் பூ விழுந்தால் இறைவன் உவந்தார் என்பது அவ்வூர் நம்பிக்கை. தீபம் காட்டிக்கொண்டிருந்த குருக்கள் அம்மையார் பக்கம் திரும்பினார்.

"நான் தொடலை. சுவாமியே பூக் கொடுத்திருக்கார். எழுந்து வாங்கிக்கோம்மா" என்றார்.

கோயில் முழுவதும் அரகர என்று எழுந்து நின்றது. இலஞ்சியம் அம்மையாருக்கு எதுவும் காதில் விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கம் குனிந்தார்.

"அடுத்த வரி என்னா கண்ணு?"

குயிலாகப் பாடிய நாளில் வாளாவிருந்த நாதர், திக்கித் திணறிய நாளில் பூத் தந்தார். ஒரு பிள்ளைக்காக ஊர் முன்னே தலைகுனிந்து நின்ற அந்த அம்மையாரின் திருவடியை நாமும் வணங்குவோம்.