கசப்பங்கொடியின் மேல் விழுந்த பழி

கேளுங்கள் குழந்தைகளே, கூட இருக்கும் பெரியவர்களும் கேளுங்கள். கடல்களுக்கு மனிதர்கள் தனித்தனியாகப் பெயர் வைக்காத காலம் அது. அப்போது புள்ளந்தீவு என்று ஒரு தீவு இருந்தது. கரையெல்லாம் தென்னை, சரிவெல்லாம் பாலை மரம், மரத்துக்கு மரம் புறா. அந்தத் தீவைத் திரையன் ஆண்டான். தலைவன் என்றாலும் அவனும் வலை இழுப்பான். அவன் வீட்டுக் கூரையும் ஓலைதான்.

அங்கே தாழையம்மை என்று ஒரு மருத்துவச்சி. கணவனைக் கடல் கொண்டது. சேந்தன் என்று ஒரே மகன், அவனும் கடலுக்குப் போகிறவன். தீவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில்தான் விழுந்தார்கள். அவள் கை பட்டால் காய்ச்சல் இறங்கும் என்று ஊர் சொன்னது. ஊர் சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பிவிட்டாள்.

தீவின் வேலியெல்லாம் கசப்பங்கொடி படர்ந்திருந்தது. ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். மாடு முகரக்கூடச் செய்யாது. ஆனால் கறுப்பும் சிவப்புமான பெரிய பட்டாம்பூச்சிகள் அதில்தான் முட்டையிடும். அவற்றின் புழுக்களுக்கு வேறு இலை இறங்காது. தாழையம்மை காய்ச்சலுக்கு அரைத்ததும் அதே இலையைத்தான். எந்த இலை என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. பெரியவர்களுக்கு மூன்று இலை, பிள்ளைகளுக்கு அரை இலை. மிஞ்சினால் அது நஞ்சு.

ஒரு மழைக்காலத்தில் திரையனின் மகள் குறுமணிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயதுக் குழந்தை. முதல் நாள் தாழையம்மை அரை இலை கொடுத்தாள், இறங்கவில்லை. இரண்டாம் நாளும் கொடுத்தாள், இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் தாய் தாழையம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் கை தோற்பதைத் தாழையம்மையால் தாங்க முடியவில்லை. மூன்று இலையை அரைத்துப் புகட்டினாள். உச்சிப்பொழுதுக்குள் குழந்தை கண்மூடிவிட்டது.

திரையன் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

“என் பிள்ளையை எது கொண்டுபோயிற்று, அம்மா?”

என் கைதான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. “காய்ச்சல் வருமுன்பே வேலியில் படர்ந்த கசப்பங்கொடியைக் கிள்ளித் தின்றிருக்கிறது, ஐயா. அதன் நஞ்சு.”

குழந்தை வேலியோரம் போனதைக் கவனிக்காமல் விட்டேனே என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முதல் அவள் சரியாக உண்ணவில்லை. மறுநாள் திரையன் ஊரைக் கூட்டி, கொடியை வேரோடு பிடுங்கச் சொன்னான். ஆணும் பெண்ணுமாய்ப் பிடுங்கினார்கள். பத்து நாளில் வேலிகள் வெறும் முள்ளாய் நின்றன.

முட்டையிட வந்த பட்டாம்பூச்சிகள் முள்ளைச் சுற்றின. மண்ணைச் சுற்றின. ஊரில் ஓரிடத்தில் மட்டும் அந்த இலையின் வாசம் மிச்சம் இருந்தது. அது தாழையம்மையின் அம்மிக்கல். அவை அந்தக் கல்லில் உட்கார்ந்து முட்டையிட்டன. சில நாளில் முட்டை பொரிந்து, மயிரிழை போன்ற புழுக்கள் கல்லை முகர்ந்து முகர்ந்து ஊர்ந்தன. பொழுது சாய்வதற்குள் செத்துக் கிடந்தன.

அந்தச் சேதி திரையன் காதுக்கும் போயிற்று. அவனே வந்து அம்மியைப் பார்த்தான். இந்தக் கொடியை நீ அரைத்ததுண்டா என்று இரண்டாம் முறை கேட்டான். இல்லை ஐயா, ஈரத்துக்கு வந்த பூச்சி என்று சொல்லிவிட்டாள். அவன் போனபின் சாம்பல் போட்டு அம்மியைத் தேய்த்தாள். விரல்நுனி தோல் உரியும்வரை தேய்த்தாள்.

அடுத்த ஆண்டு பட்டாம்பூச்சி கண்ணில் படவில்லை. பூவுக்குப் பூ போய்வர ஆளில்லாமல் பாலை மரங்கள் பூத்துக் கொட்டின, காய்க்கவில்லை. பழம் தின்ன வந்த புறாக்கள் மூன்று நாள் சரிவைச் சுற்றிவிட்டு, கூட்டமாகக் கடலுக்கு மேல் பறந்து போயின. அதன்பின் வரவே இல்லை.

மீனவர்கள் வானத்தையே பார்த்து நின்றார்கள். பனி மூடும் மாதங்களில் கடலில் திசை தெரியாது. பகலில் கடல்மேல் போகும் புறாக்கள் சாயங்காலம் கூட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் பறக்கின்றனவோ, அந்தப் பக்கம் படகைத் திருப்புவார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் வீடு வந்தார்கள்.

அந்த வேளையில்தான் சேந்தன் ஒன்றைக் கண்டான். வடமுனைப் பாறை இடுக்கில் ஒரு கசப்பங்கொடி தப்பியிருந்தது. அதில் மூன்று புழுக்கள். அவன் ஓடிவந்து தாயிடம் சொன்னான். அந்த ஒரு கொடியை வைத்துத் தீவு முழுக்கப் படர விடலாம், பூச்சி வரும், பழம் வரும், புறாவும் வரும், இதை விட்டுவைக்கும்படி தலைவரிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

சேதி பரவி ஊரே வடமுனையில் கூடியது. திரையன் கொடியின் முன் குனிந்து அதன் இலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தாழையம்மையிடம் மூன்றாம் முறை கேட்டான்.

“இதுதான் என் மகளைக் கொன்றதா? இல்லை என்று நீ சொன்னால் இதை விட்டுவிடுகிறேன்.”

தாழையம்மை மகனைப் பார்த்தாள். என் தாயைப் போல் உண்டா என்ற பெருமையோடு அவன் நின்றிருந்தான். இத்தனை நாளும் அவன் கண்ணில் அவள் பார்த்தது அதைத்தான். அது அணைந்துபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“இதுதான், ஐயா” என்றாள்.

திரையன் தன் கையாலேயே பிடுங்கினான். மூன்று புழுக்களும் பாறையில் விழுந்து வெயிலில் சுருண்டன. சேந்தன் வலையை எடுத்துக்கொண்டு போனான்.

பனி மாதம் வந்தது. பசிக்குப் பனி தெரியுமா? ஏழு படகுகள் கடலுக்குப் போயின. ஒன்றில் சேந்தன் இருந்தான். சாயங்காலம் பனி இறங்கிற்று. கரையில் தீ மூட்டினார்கள். பத்து அடிக்கு அப்பால் அந்த வெளிச்சம் போகவில்லை. சங்கு ஊதினார்கள். பெண்கள் தொண்டை கட்டும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வானத்தில் ஒரு சிறகும் அசையவில்லை. முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. அது யாருடையது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தாழையம்மை அந்தத் துடுப்பின் பக்கத்தில் மண்டியிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அரை இலை, மூன்று இலை, அம்மி, சாம்பல், ஒன்றையும் விடவில்லை. தன்னைக் கொன்றுவிடும்படி திரையனைக் கேட்டாள்.

குறுமணியின் தாய் எழுந்து, அவளைத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போனாள். திரையன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

“அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஒரு வருடம் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அவ்வளவுதான், அம்மா. அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது” என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: “நீ பொய் சொன்னாய். பிடுங்கியது என் கை. உன்னைத் தண்டிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?”

வெயில்காலம் வந்ததும் மிச்சப் படகுகளில் மிச்ச மனிதர்கள் தீவை விட்டுப் போனார்கள். தாழையம்மையை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் போகவில்லை. விடிந்தால் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வேலி வேலியாகத் தோண்டிப் பார்ப்பாள், எங்கேனும் ஒரு வேர் மிஞ்சியிருக்குமா என்று. சாகும்வரை தோண்டினாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஆகையால் கேட்டவர்களே, தன் பிழையை வாயில்லாத உயிரின் மேல் போடுகிறவர், அந்த உயிரோடு தன்னையும் தன்னைச் சேர்ந்தவரையும் அழித்துவிடுவார்.