விலை ஓலையில் விட்டுப்போனது

முன்னொரு காலத்திலே, பொன்மாடம் என்கிற பாறைமேல் பட்டணத்தில் இருந்துகொண்டு சிங்கபூபதி என்றொரு ராஜா அந்தச் சீமையை ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை தோன்றினால் மத்தியானத்துக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் வேட்டைக்காடு வளர்க்க ஆசை வந்தது. தோதான இடம் ஓடைக்கரைப் பட்டணம். அங்கே முந்நூறு குடும்பங்கள் இருந்தன.

"ஜனங்களை விரட்டுவது பாவமாயிற்றே" என்றார் ராஜா.

சபையில் தாண்டவராயர் என்று ஒருவர். ராஜா தும்மினால் முதலில் 'நூறாயுசு' சொல்வது அவர்தான். மந்திரி மருதப்பரைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"விரட்டுவதா? இங்கே கொண்டுவந்து வாழவைக்கிறீர்கள்" என்று ஓர் ஓலையை விரித்தார் ராயர். "பொன்மாடத்தில் காசுக்கு நாலு படி அரிசி. ஓடைக்கரையில் மூன்றுதான். பருப்பு, எண்ணெய், துணி எல்லாமே இங்கே மலிவு. மந்திரியார் மறுப்பாரா?"

"அமாவாசைக்குள் ஊரைக் காலி செய்யட்டும். மறுப்பிருந்தால் அதற்குள் சொல்லும்" என்றார் ராஜா.

மருதப்பர் சந்தையில் விசாரித்தார். ஓலையில் ஒரு விலைகூடப் பொய்யில்லை. முந்நூறு குடும்பமும் மூட்டை கட்டுவதை நினைத்து மனம் கனத்துத் திரும்பியவர், தெருமுனையில் தண்ணீர் வண்டிக்காக நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கல்லுடைக்கிற வெள்ளச்சி என்பவள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

"எப்போது வந்தாய் அம்மா?"

"கோழி கூப்பிடயிலயே வந்தேன் சாமி. வேலைக்குப் போனா தண்ணி இல்ல. தண்ணிக்கு நின்னா வேலை இல்ல."

மருதப்பர் அவளிடம் ஓர் உதவி கேட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் ராஜாவும் ராயரும் மந்திரி வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். இலையில் பச்சரிசி, பருப்பு, கிண்ணத்தில் எண்ணெய், பக்கத்தில் மடித்த துணி.

"பரிகாசமா மருதப்பரே?"

"இல்லை மகாராஜா. இந்தப் பட்டணத்தில் வாழ ராயர் எழுதிய அத்தனையும் இருக்கிறது."

"சோறாக்க வேண்டாமா?"

"தண்ணீர் ஓலையில் இல்லையே."

ராயர் சிரித்தார். "தண்ணீரை யாராவது எழுதுவார்களா? அது வீட்டில் எப்போதும் இருக்கிறது."

"யார் கொண்டுவருகிறார்கள்?"

"வேலைக்காரர்கள்."

"எங்கிருந்து?"

"அதை வேலைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்."

தாகம் தாங்காத ராஜா குடிக்கக் கேட்டார். முற்றத்தில் காத்திருந்த வெள்ளச்சி தன் குடத்திலிருந்து செம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

"இது என்ன விலை?"

"குடம் ஒரு காசு மகராசா. கூலி ரெண்டு காசு. அரிசிக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. வண்டி வர நேரமானா அன்னிக்குக் கூலியும் இல்ல. அப்ப அரிசி எவ்வளவு மலிவா இருந்து எனக்கென்ன? ஓடக்கரையில எங்க அக்கா ஓடையில சும்மாவே மொண்டுக்கிறா."

"இந்தக் குடம்?"

"எங்க வீட்டுக்கு இன்னைக்கு இதுதான்."

வாய்க்குப் போன செம்பை ராஜா கீழே வைத்தார். பாறையில் இருந்த ஒரே ஊற்று அரண்மனைக்குள் தாமரைக்குளமாகக் கிடந்தது. அதில் அவருடைய யானைகள் குளித்துக்கொண்டிருந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஓடைக்கரையை யாரும் தொடக்கூடாது" என்று எழுந்தவர், வறண்ட தொண்டையோடு நடந்து போய்க் குளத்து வாசலை ஊருக்குத் திறந்துவிடச் சொன்னார். முதல் குடம் வெள்ளச்சி மொண்டாள். அவள் ஊற்றிய பிறகுதான் ராஜா குடித்தார்.

தன் கைக் கடகத்தைக் கழற்றி மருதப்பருக்குப் போட்டார். ராயரைப் பார்த்து, "உம் ஓலை இன்னும் முடியவில்லை. வெள்ளச்சி தெருவில் ஒரு மாதம் வேலைக்காரர் இல்லாமல் குடியிருந்து எழுதி முடித்து வாரும்" என்றார்.

ஒரு மாதம் கழித்து, கை காய்த்துப்போன ராயர் சபையில் புது ஓலையை வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரியில் தண்ணீர் இருந்தது. அரிசி ஏழாவது வரிக்குப் போயிருந்தது.