கொக்கி தாங்கும் எடை

வெண்குன்றத்து ஆசிரமத்தில் சேர்ந்த நாள் முதல் சிற்றம்பலம் ஒரே ஒரு நோன்பைத்தான் பிசகாமல் காத்துவந்தார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது. தம் தட்டைத் தாமே கழுவினார். காய்ச்சல் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். ஆறு ஆண்டுகளில் ஒரு குவளைத் தண்ணீர்கூட எவரையும் கேட்டு வாங்கியதில்லை.

அறுபத்தாறு வயதில் அவருக்கு வாய்த்த குரு அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் மாசிலாமணி. எல்லோரும் அம்மை என்று அழைத்தார்கள்.

இப்போது அந்த நோன்புக்கு ஆபத்து வந்திருந்தது. இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும், பிறகு மூன்று மாதம் ஒருவர் துணையோடுதான் நடமாட முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருப்பூரிலிருந்து மகள் பூங்கோதை மூன்று முறை அழைத்தாள். "இங்கேயே வந்துவிடுங்கள், அப்பா." அவர் பிடிகொடுக்கவில்லை. மகளுக்குச் சொல்லாமல் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதியிருந்தார். வருவதா இல்லையா என்று நாளை மாலைக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அன்று காலை அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, யாருக்கும் பாரமாகாமல் வாழ்வது எப்படி?"

அம்மை கண்மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வண்டி தேன்பாறைக்குப் போகிறது. நீங்கள் முப்பது ஆண்டு சரக்குக் கிடங்கில் இருந்தவர். போய்ப் பாரம் ஏற்றுங்கள், ஐயா. பிறகு பேசலாம்."

வண்டி என்பது ஆசிரமத்தின் நடமாடும் கண் மருத்துவமனை. நடுவில் ஒரே இணைச் சக்கரம் பூட்டிய நீளமான தகர அறை. ஜீப்பின் பின்கொக்கியில் மாட்டித்தான் அதை இழுத்துச் செல்ல வேண்டும்.

சிற்றம்பலம் மகிழ்ச்சியோடு வேலையில் இறங்கினார். தண்ணீர் டிரம்மை உருட்டினார், பேட்டரிகளை நகர்த்தினார், நோயாளிகளை உட்காரவைக்கும் இரும்பு நாற்காலியைச் சக்கரத்துக்கு நேர் மேலே இருத்தினார். முழங்கால் வலித்தது. யாரையும் கூப்பிடவில்லை. தினமும் விடியலில் கண்மூடி அமர்ந்து சமநிலையைத் தியானிப்பவர் அல்லவா? முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்னும் அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்த பிறகுதான் ஓய்ந்தார். கொக்கியில் மாட்டும் முன்முனையான வண்டியின் மூக்கை ஒரே விரலால் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கள் அம்மா! ஜீப்பின் மேல் குன்றிமணி எடைகூட விழாது. பூஜ்யம்!"

"ஓட்டிப் பாருங்கள்" என்றார் அம்மை.

ஜீப்பை ஓட்டுபவள் செவிலி லீதியாள். சிற்றம்பலம் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆற்றுப்பாலச் சரிவில் வேகம் நாற்பதைத் தொட்டதும் பின்னால் வண்டி மெல்ல ஆடத் தொடங்கியது. அடுத்த நொடி ஜீப்பையே இடமும் வலமும் உதறியது. லீதியாள் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மூச்சைப் பிடித்து, ஒருவழியாக ஓரத்தில் நிறுத்தினாள்.

"ஐயா, என்னத்த ஏத்துனீங்க? சோறு கண்ட நாய்க்குட்டி மாதிரி இது வால ஆட்டுது! நாளைக்கு மலப்பாதையில இப்புடி ஆடுனா, கண்ணு தெரியாதவங்க நம்மளத் தேடி வரவேண்டியதுதான்."

சிற்றம்பலத்துக்கு விளங்கவில்லை. எதன் மேலும் சாயாத ஒன்று எதற்காக ஆடுகிறது?

திரும்பி வந்து அம்மையிடம் சொன்னார். அம்மை ஒரு சொல்தான் சொன்னார்.

"முன்னால்."

முன்னால் என்றால் முன்னால்தான். தண்ணீர் டிரம், பேட்டரிகள், நாற்காலி எல்லாவற்றையும் மூக்கருகே கொண்டுபோய் அடுக்கினார். கொக்கியில் மாட்டியதும் ஜீப்பின் பின்புறம் முனகிக்கொண்டு தாழ்ந்தது, முகம் நிமிர்ந்தது. கால் மைல் போவதற்குள் லீதியாள் நிறுத்திவிட்டாள்.

"ஸ்டீயரிங் திருப்புனா ஜீப்பு கேக்க மாட்டேங்குது. முன்சக்கரம் ரோட்டத் தொட்டாத்தானே! வானத்தப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்ட நான் என்ன பைலட்டா?"

சிற்றம்பலம் தலையைப் பிடித்துக்கொண்டு அம்மையின் முன் அமர்ந்தார்.

"சாயாமல் வைத்தேன், ஆடியது. சாய்த்து வைத்தேன், ஜீப்பு தத்தளிக்கிறது. பாரமாக இருப்பது தவறா, இல்லாமல் இருப்பது தவறா? எனக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா."

அம்மை எழுந்தார். நோயாளிகளை நிறுத்தி எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியைக் கழற்றச் சொல்லி, இயந்திரத்தின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் வண்டியின் மூக்கை இறக்கச் செய்தார். முள் நூற்று நாற்பதைக் காட்டியது. பிறகு ஜீப்பின் கொக்கியருகே குனிந்து முந்தானையால் புழுதியைத் துடைத்தார். சிறிய தகடு ஒன்று தெரிந்தது. 'தாங்கும் எடை எழுபத்தைந்து கிலோ' என்று அதில் அடித்திருந்தது.

சிற்றம்பலம் பேட்டரிகளைப் பின்னுக்கு நகர்த்தினார். டிரம்மைச் சற்று உருட்டினார். முள் எழுபதில் நின்றது. இந்த முறை பாலச் சரிவில் வண்டி ஜீப்பின் அடியொற்றி அமைதியாக வந்தது.

"எழுபது கிலோ!" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார் சிற்றம்பலம். விடை கிடைத்துவிட்டது என்ற நிம்மதி.

அந்த நிம்மதி ஆசிரம வாசல்வரைதான் நீடித்தது. முந்தைய ஓட்டத்தில் அளவுக்கு மீறி ஏற்றிய பாரத்தால் விரிசல் கண்டிருந்த வில்பட்டை, ஜீப்பின் பின்பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை, வாசலிலேயே முறிந்து விழுந்தது.

மறுநாள் காலை, தெரிந்த மருத்துவர் ஒருவர் தம் காரை அனுப்பிவைத்தார். ஜீப்பைவிடச் சிறியது, ஆனால் பின்கொக்கி உண்டு. சிற்றம்பலம் முன்னதாகவே எழுந்து, முள் எழுபதில் அசையாமல் நிற்பதை இருமுறை சரிபார்த்து வைத்திருந்தார்.

அம்மை காரின் கொக்கியைக் காட்டினார். அங்கேயும் ஒரு தகடு இருந்தது. ஐம்பது.

"நேற்று எழுபது சரி என்றீர்களே, அம்மா?"

"நான் எங்கே சொன்னேன்? ஜீப்பு சொன்னது."

"அப்படியானால் சரியான எடைதான் எது?"

"இழுக்கப்போகிறவரிடம் போய்க் கேளுங்கள்."

அவர் மீண்டும் குழம்பினார். மூக்கில் மட்டும் குறைத்தால் பழையபடி ஆடும் என்றாள் லீதியாள். மொத்த வண்டியும் இந்தக் காருக்குக் கனம். எதையாவது இறக்கத்தான் வேண்டும். தேன்பாறையில் சுனை இருக்கிறது. டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டார். இன்னும் கனமாகவே இருந்தது. இரும்பு நாற்காலியை இறக்கிவிட்டு மரநாற்காலி ஏற்றினால் போதும்.

இரும்பு நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார். முழங்கால் மடங்கிக்கொண்டது. மறுபடியும் தூக்கினார். நாற்காலி அசையவில்லை. அம்மை பார்த்துக்கொண்டு நின்றார், உதவ வரவில்லை. மலைமேல் பதினோரு பேர் காத்திருந்தார்கள்; வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சிற்றம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லீதியாள்... ஒரு கை கொடம்மா."

லீதியாள் ஓடிவந்து நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"இதக் கேக்க ஆறு வருசமா, ஐயா? நீங்க ஊமையோன்னு கூட நெனச்சேன்."

இரும்பு நாற்காலி இறங்கியது, மரநாற்காலி ஏறியது. முள் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. லீதியாள் வண்டியைக் காரில் மாட்டிவிட்டு, வாசல் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினாள்.

சிற்றம்பலம் ஏறவில்லை. கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அம்மையின் அருகே வந்தார்.

"முதியோர் இல்லத்துக்கு இன்று பதில் சொல்ல வேண்டும், அம்மா."

"சொல்லுங்கள்."

"பூங்கோதை கூப்பிடத்தான் செய்கிறாள். ஆனால் மெலிந்த உடம்பு. இரண்டு குழந்தைகள். பனியன் கம்பெனியில் வேலை வேறு. என்னையும் அவள் தலையில்..."

"அவளுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று தகடு ஏதாவது அடித்திருக்கிறதா?"

"மனுஷிக்கு ஏது அம்மா தகடு?"

அம்மை எடை இயந்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பிறகு, அவளைக் கேட்காமல் பூஜ்யம் என்று எழுதியது யார்?"